உதைபட்ட எல்லை: அதிர்ச்சி அலையும் கணினிக் கணக்கும்

(சுங்கை செம்பிலாங்கில் வட்டார ஆசிரியர்கள், பெற்றோர், இடைநிலைப்பள்ளி மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு கொஞ்சம் முரடானது. ஓர் அதிர்ச்சி அலை, அதாவது ஒலியைவிட வேகமாகப் பாயும் அழுத்த அலை, வந்து மோதினால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பாய்மங்கள் எப்படிக் கலங்குகின்றன, அந்தக் கலங்கலைக் கணினியில் எப்படிப் போட்டுப் பார்க்கிறார்கள் என்பதே பேச்சு. பாய்மம் என்றால் நீர், எண்ணெய், காற்று, நட்சத்திரத்துக்குள் கொதிக்கும் பிளாஸ்மா எல்லாம் அதில் அடக்கம். இயற்பியல் எடுக்காதவர்கள் பயப்பட வேண்டாம். சமன்பாடு ஒன்றே ஒன்று சொல்வேன். அதுவும் வெறும் பெருக்கல் கணக்குதான்.

1999 ஜூலை 23ஆம் நாள் ஒரு விண்வெளித் தொலைநோக்கியை அமெரிக்கா ஏவியது. எக்ஸ் கதிர்களைப் பார்க்கும் தொலைநோக்கி அது. பெயர் 'சந்திரா'. சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர். 1910இல் லாகூரில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன் என்று எல்லோரும் சொல்வார்கள். அவருடைய தாயார் சீதாலட்சுமி இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர் என்பதை மட்டும் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. போகட்டும்.

அந்தத் தொலைநோக்கி உலகத்துக்குக் காட்டிய முதல் படங்களில் ஒன்று, 'காசியோப்பியா ஏ' என்னும் வெடித்த நட்சத்திரத்தின் எச்சம். ஏறக்குறைய 11,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பெரிய நட்சத்திரம் ஒன்று ஆயுள் முடியும் தறுவாயில் உள்ளுக்குள் அடுக்கடுக்காக இருக்கும். நடுவே இரும்பு, அதைச் சுற்றிச் சிலிக்கான், அப்புறம் ஆக்சிஜன், கார்பன், ஹீலியம், கடைசியாக வெளியே ஹைட்ரஜன். நடுப்பகுதி இடிந்து விழுந்ததும் அதிர்ச்சி அலை ஒன்று கிளம்பி, ஒவ்வோர் அடுக்கையும் ஊடுருவி வெளியே பாய்கிறது. போகிற வழியில் உள் அடுக்கில் இருக்கும் சிலிக்கானை எரித்துப் புதிதாக நிக்கலை உண்டாக்குகிறது. அந்த நிக்கல் நாளடைவில் இரும்பாக மாறுகிறது. ஆக, புது இரும்பு பிறக்குமிடம் அடி ஆழம். சிதறி ஓடிய பிறகும் இரும்பு உள்ளே, சிலிக்கான் வெளியே என்ற வரிசைதானே இருக்க வேண்டும்?

சந்திரா எடுத்த படத்தை ஜான் ஹியூஸும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. எச்சத்தின் தென்கிழக்குப் பக்கத்தில் இரும்பு வெளி ஓரத்தில் நிற்கிறது. சிலிக்கான் அதற்கு உள்ளே இருக்கிறது. அடியில் பிறந்தது முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இதை யார் புரட்டிப் போட்டது என்ற கேள்வியைத்தான் இன்று நாம் துரத்தப் போகிறோம். பதிலின் ஒரு பாதி, சந்திரசேகரே 1961இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. பாய்மங்களின் நிலைத்தன்மையைப் பற்றிய அறுநூறு பக்கங்களைத் தாண்டும் நூல் அது. அதன் பத்தாம் அதிகாரம் முழுக்க, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு பாய்மங்களைப் பற்றியது.

அந்த அதிகாரத்தின் சாரத்தை நம் கடைத்தெருவிலேயே பார்த்துவிடலாம். 'த்ரீ லேயர் தே' எல்லோரும் குடித்திருப்பீர்கள். அடியில் கூலா மலாக்கா பாகு, நடுவில் பால், மேலே தேநீர். கலக்காமல் வைத்தால் நெடுநேரம் அப்படியே நிற்கும். கனமானது அடியில் இருக்கிறது, அதனால் சண்டை இல்லை. இப்போது ஒரு மந்திரவாதி வந்து, துளியும் சிந்தாமல் அடுக்குகளை மட்டும் தலைகீழாக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகு மேலே, தேநீர் கீழே. எல்லைக்கோடு முழு மட்டமாக இருந்தால், கணக்குப்படி அது அப்படியே நிற்க வேண்டும். ஆனால் முழு மட்டமான கோடு உலகத்தில் ஏது? எங்கோ ஒரு மயிரிழை மேடு, ஒரு மயிரிழைப் பள்ளம் இருக்கும். பள்ளம் இறங்குகிறது, இறங்க இறங்க வேகம் கூடுகிறது. பாகு ஈட்டி ஈட்டியாகக் கீழே பாயும், தேநீர் குமிழ் குமிழாக மேலே ஏறும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மேடு இரட்டிப்பானால், அடுத்த அதே நேரத்தில் நான்கு மடங்கு, அதற்கடுத்து எட்டு மடங்கு. இதை 19ஆம் நூற்றாண்டில் ரேலி பிரபு கணக்கிட்டார். ஈர்ப்பு மட்டுமல்ல, எந்த முடுக்கம் வந்தாலும் இதே கதைதான் என்று 1950இல் ஜி. ஐ. டெய்லர் காட்டினார். ஆகவே ரேலி–டெய்லர் நிலையின்மை என்று பெயர்.

சந்திரசேகரின் அதிகாரம் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் ஈர்ப்பைப் பற்றியது. அதிர்ச்சி அலையின் குணம் வேறு. அது ஒரே ஓர் உதை. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது, உதைத்துவிட்டுப் போய்விடும். உதைத்த பிறகு என்ன நடக்கும் என்று 1960இல் கணக்கிட்டவர் ராபர்ட் ரிக்ட்மயர். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் முன்பு இருந்த கணித வல்லுநர். அவருடைய விடையில் இரட்டிப்பு இல்லை. உதை வாங்கிய மேடு ஒரு நிலையான வேகத்தில் வளர்ந்துகொண்டே போகிறது, அவ்வளவுதான்.

சுவையான விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஈர்ப்பு மட்டும் இருந்தால் கனமானது அடியில் இருக்கும்வரை நமக்குக் கவலையில்லை என்றேன். அதிர்ச்சி அலைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. லேசான பக்கத்திலிருந்து வந்து கனமான பக்கத்தில் மோதினாலும் எல்லை கலங்கும். கனத்திலிருந்து லேசுக்குப் போனாலும் கலங்கும். இரண்டாவது வகையில் மேடு முதலில் அமிழ்ந்து மட்டமாகி, பிறகு பள்ளமாகத் தலைகீழாக வளரும். காரணத்தை இப்படிப் பார்க்கலாம். அலையின் அழுத்தம் ஒரு பக்கமிருந்து நேராகத் தள்ளுகிறது. எல்லைக்கோடு சாய்ந்திருக்கும் இடத்தில் அந்தத் தள்ளலை லேசான வாயுவும் கனமான வாயுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாங்குகின்றன. லேசானது விருட்டென்று ஓடும். கனமானது மெல்ல நகரும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டில் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போனால் நடுவில் சுழல் பிறக்கத்தானே வேண்டும்? மேட்டின் இரு பக்கச் சரிவிலும் எதிரெதிர்த் திசையில் இரண்டு சுழல்கள். இரண்டும் சேர்ந்து மேட்டை வெளியே உந்தி, நுனியைச் சுருட்டிக் காளான் போல ஆக்கிவிடும்.

ரிக்ட்மயர் தாளில் போட்ட கணக்கை 1969இல் சோவியத் நாட்டின் யெவ்கேனி மெஷ்கோவ் குழாயில் செய்து பார்த்தார். நீண்ட குழாய், நடுவே அலை அலையாக வளைத்த மிக மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு, ஒருபுறம் ஒரு வாயு, மறுபுறம் வேறு வாயு. குழாயின் ஒரு முனையிலிருந்து அதிர்ச்சி அலையை அனுப்பினார். சவ்வு கிழிந்தது, எல்லை கலங்கியது, மேடு வளர்ந்தது. இரண்டு திசையிலும் கலங்கும் என்பது அங்கேதான் கண்ணெதிரே உறுதியானது. அன்று முதல் ரிக்ட்மயர்–மெஷ்கோவ் நிலையின்மை என்ற இரட்டைப் பெயர். அணுகுண்டுப் போட்டியில் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு நாடுகளின் ஆள்கள் ஒரே பெயரில் சேர்ந்து நிற்கிறார்கள். அறிவியலில் இந்த மாதிரிக் கூட்டணி அமைவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

ஆனால் மெஷ்கோவ் அளந்த வளர்ச்சி, ரிக்ட்மயரின் கணக்கைவிடக் குறைவாக இருந்தது. சந்தேகம் சவ்வின் மேல் விழுந்தது. கிழிந்த சவ்வின் துண்டுகள் வாயுவோடு சேர்ந்து பறக்கின்றனவே, அவை கலக்கத்தை மாற்றாதா? சவ்வே இல்லாமல் இரண்டு வாயுக்களைக் கோடு போட்டதுபோல நிறுத்த வழி தேடினார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஜேகப்ஸ் குழுவினர் 1990களில் ஒரு வழி கண்டார்கள். செங்குத்தான குழாயில் மேலிருந்து காற்றை விடுகிறார்கள். கீழிருந்து சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு என்ற வாயுவை விடுகிறார்கள். அது காற்றைப் போல ஐந்து மடங்கு கனம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பக்கவாட்டுத் துளைகள் வழியாக வெளியேறுவதால், நடுவே மெல்லிய தெளிவான எல்லை நிற்கிறது. குழாயை இலேசாக இப்படியும் அப்படியும் ஆட்டினால் எல்லை அழகாக அலைபோல வளைகிறது. அந்தக் கணத்தில் மேலிருந்து அதிர்ச்சி அலை. அதே குழுவினர் இன்னொரு சோதனையில், இரண்டு திரவங்கள் ஊற்றிய பெட்டியை உயரத்திலிருந்து விட்டு, கீழே இருக்கும் சுருள்வில்லில் மோதித் துள்ளச் செய்தார்கள். அந்தத் துள்ளல்தான் உதை. இத்தனை எளிய கருவியில் இத்தனை ஆழமான இயற்பியல்!

இப்போது நான் வாக்குக் கொடுத்த பெருக்கல் கணக்கு. எல்லை உதை வாங்கி நொடிக்கு 60 மீட்டர் வேகம் பெற்றது என்று வைத்துக்கொள்வோம். மேடுகள் 6 செ.மீ.க்கு ஒன்று, ஒவ்வொன்றின் உயரம் 2 மி.மீ. இரண்டு வாயுக்களின் அடர்த்தி வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள்: ஐந்தில் ஒன்று போக நான்கு, ஐந்தும் ஒன்றும் ஆறு, நான்கை ஆறால் வகுத்தால் 0.67. ஆறு செ.மீ. என்பதை மீட்டராக்கி, இரண்டு பையை அதனால் வகுத்தால் 105. இப்போது 105, 0.67, 60, 0.002 நான்கையும் பெருக்குங்கள். நொடிக்கு 8.4 மீட்டர் வரும். ரிக்ட்மயரின் சூத்திரம் இவ்வளவுதான். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கழிந்ததும் 2 மி.மீ. மேடு 10 மி.மீ.க்கு மேல் வளர்ந்துவிடும். அதன் பிறகு இந்தச் சூத்திரம் செல்லாது. மேடு பெரிதாகிவிட்டால் சுருளத் தொடங்கும், ஒன்றையொன்று விழுங்கும், கொந்தளிக்கும். இதோடு, அதிர்ச்சி அலை குழாயின் அடிச்சுவரில் மோதித் திரும்பி வந்து, ஏற்கெனவே கசங்கிய எல்லையை மறுபடியும் ஓர் உதை உதைக்கும். அதற்கு மேல் தாளும் பென்சிலும் உதவாது. கணினி வேண்டும்.

கணினி என்ன செய்கிறது? குழாயைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அடர்த்தி, மூன்று திசை வேகங்கள், ஆற்றல், எந்த வாயு எவ்வளவு என்று ஆறு எண்கள். பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு நிறை போயிற்று, எவ்வளவு வந்தது என்று ஒவ்வொரு நொடித்துளிக்கும் கணக்குப் பார்க்கிறது. தோட்டத்து ஸ்டோர் கணக்குப் புத்தகம் போன்ற வேலைதான். கையிருப்பு, வரவு, செலவு. சிக்கல் அளவில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 1000 கட்டம் வீதம் மூன்று பக்கமும் வெட்டினால் நூறு கோடிக் கட்டங்கள். எண்களை மட்டும் வைத்திருக்க 48 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். இன்னும் இரு மடங்கு நுணுக்கமாகப் பார்க்க ஆசைப்பட்டால் கட்டங்கள் எட்டு மடங்காகும். காலத் துளியையும் பாதியாக்க வேண்டும். ஆக வேலை பதினாறு மடங்கு.

அதிர்ச்சி அலை இதற்குள் அடங்க மறுக்கும். காற்றில் ஓடும் அதிர்ச்சி அலையின் தடிமன் ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் காட்டும் அளவுக்குக் கட்டம் வெட்ட எந்தக் கணினியாலும் முடியாது. அப்படியே விட்டால் அலையின் இருபுறமும் எண்கள் தாறுமாறாகத் துள்ளும். 1950இல் ஜான் வான் நாய்மனும் இதே ரிக்ட்மயரும் ஒரு தந்திரம் செய்தார்கள். இயற்கையில் இல்லாத ஒரு செயற்கைப் பிசுக்கைச் சமன்பாட்டுக்குள் சேர்த்தார்கள். அதிர்ச்சி அலை வரும் இடத்தில் மட்டும் அது வேலை செய்யும். அலையை மூன்று நான்கு கட்டங்களுக்குப் பரப்பிவிடும். நிறை, உந்தம், ஆற்றல் மூன்றும் கணக்கில் குறையாததால் அலை சரியான வேகத்திலேயே ஓடும். 1959இல் ரஷ்யாவின் செர்கெய் கோடுனோவ் வேறொரு வழி காட்டினார். இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வழிகளில் ஒன்றின் பேரப்பிள்ளைகள்.

பொய்ப் பிசுக்கு என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கலாம். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. அறிந்தே செய்த ஏற்பாடு, எல்லையும் தெரியும். எனக்கு அச்சம் அறியாமல் நுழையும் பொய்யின் மேல்தான். சதுரக் கட்டத்தில் வளைவான அலையை வரைந்தால் படிக்கட்டு போல ஓரம் பல்லிளிக்கும். ஒவ்வொரு படியும் ஒரு குட்டி மேடு. இயற்கையில் இல்லாத மேடு. ஆனால் இந்த நிலையின்மைக்கு எது அசல் மேடு, எது கணினி வைத்த மேடு என்று தெரியாது. கிடைத்ததையெல்லாம் வளர்க்கும். திரையில் அருமையான காளான்கள் முளைக்கும். பார்ப்பவர் கைதட்டுவார். அந்தக் காளானில் பாதி வாயுவுடையது, பாதி கட்டத்துடையது. சரி, கட்டத்தைச் சிறிதாக்கிப் பார்ப்போமே என்றால், ஒவ்வொரு முறையும் புதிய குட்டிச் சுழல்கள் தோன்றுமே தவிர, 'இதுதான் இறுதிப் படம்' என்று நிற்காது.

ஆகவே இந்தத் துறையில் கணினிப் படத்தை நம்ப ஓர் ஒழுங்குமுறை வைத்திருக்கிறார்கள். முதலில் மென்பொருளுக்குத் தேர்வு. சின்ன மேடாக இருக்கும்போது சந்திரசேகர் அதிகாரத்தின் விடையும் ரிக்ட்மயரின் விடையும் வருகிறதா? வராவிட்டால் அந்த மென்பொருள் வீட்டுக்குப் போகலாம். அடுத்து, வேறு வேறு ஆள்கள் எழுதிய மென்பொருள்களுக்கு ஒரே கேள்வியைக் கொடுத்து விடைகளை ஒப்பிடுவது. 2004இல் ரேலி–டெய்லர் கலக்கத்துக்கு இப்படி ஒரு கூட்டுத் தேர்வு நடந்தது. கலங்கிய பகுதி எவ்வளவு வேகமாகத் தடிக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். ஏழு மென்பொருள்களும் ஏறக்குறைய ஒரே விடை தந்தன: 0.025. ஆய்வுக்கூடச் சோதனைகளோ 0.057 அளவில் நின்றன. இரண்டு மடங்கு வித்தியாசம்! ஏழு பேர் ஒரே விடையை எழுதியிருக்கிறார்கள், ஆசிரியரின் விடைத்தாள் வேறாக இருக்கிறது.

யார் பக்கம் தவறு? இருபக்கமும் இல்லை என்பதுதான் வேடிக்கை. கணினியில் எல்லையைச் சிறுசிறு மேடுகளோடு மட்டும் தொடங்கினார்கள். உண்மையான தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலைகளும் தொடக்கத்திலேயே இருந்திருக்கின்றன. அவை பின்னால் வளர்ந்து கலக்கத்தைப் பெருக்கிவிட்டன. தொடக்கத்தில் என்ன இருந்தது என்று சரியாகச் சொல்லாமல் முடிவை மட்டும் கேட்டால் கணினி என்ன செய்யும்? அதிர்ச்சி அலைக் கலக்கத்துக்கும் 2017இல் இதே மாதிரி ஒரு கூட்டு முயற்சி வந்தது. அதற்குள் பாடம் படித்திருந்தார்கள். தொடக்க மேடுகளை எல்லோருக்கும் ஒரே மாதிரி வகுத்துக் கொடுத்த பிறகே ஓட விட்டார்கள்.

இந்தப் பாடத்தை மிக விலை கொடுத்துப் படித்தவர்கள் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தார். 192 லேசர் கற்றைகளால் இரண்டு மி.மீ. விட்டமுள்ள ஒரு குண்டுமணியை எல்லாப் பக்கமும் நசுக்கி, உள்ளே இருக்கும் ஹைட்ரஜனை இணைத்து, சூரியனின் ஆற்றலை எடுக்க வேண்டும். நசுக்குவது அதிர்ச்சி அலைகளின் வேலை. மணியின் ஓடு உள்ளே பாயும்போது எல்லை கலங்கி, ஓட்டுப் பொருள் எரிபொருளுக்குள் புகுந்துவிட்டால் சூடு ஆறிப்போகும். 2012க்குள் தீப்பற்றிவிடும் என்று கணினிக் கணக்குகள் நம்பிக்கை கொடுத்தன. பற்றவில்லை. காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த மணியை நடுவில் நிறுத்தி வைக்க, மேலும் கீழும் ஒரு மெல்லிய சவ்வால் பிடித்திருந்தார்கள். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய சவ்வு. இத்தனை மெல்லியது என்ன செய்துவிடும்? எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, சவ்வு மணியை விட்டு விலகும் வட்டத்தில் ஒரு தழும்பு தெரிந்தது. நசுங்க நசுங்க அந்தத் தழும்பு பெருகியிருந்தது. மெஷ்கோவின் குழாயில் சவ்வு கொடுத்த தொல்லை நாற்பது ஆண்டு கழித்து, பல நூறு கோடி டாலர் கருவிக்குள்ளும் வந்து நின்றது. வைர ஓடு, முன்பைவிட மெல்லிய எரிபொருள் நிரப்புக்குழல், திருத்திய லேசர் துடிப்பு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். 2022 டிசம்பர் 5ஆம் நாள் 2.05 மெகாஜூல் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள்.

இனி இரும்புக்கு வருவோம். அதை விளங்கவைத்த தடயம் இன்னொரு வெடிப்பில் கிடைத்தது. 1987 பிப்ரவரி 24ஆம் நாள் பெரிய மெகல்லன் மேகம் என்னும் பக்கத்து விண்மீன் திரளில் ஒரு நட்சத்திரம் வெடித்ததைச் சிலியிலிருந்து கண்டார்கள். வெறுங்கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தது. சென்னையில் அது தெற்கு அடிவானத்துக்கு மேல் எட்டுப் பாகை உயரத்தைத் தாண்டியிருக்காது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்தச் சிலாங்கூர் வானத்தில் 17 பாகைக்கு மேல் ஏறியிருக்கும். பெரியவர்களில் யாராவது அந்த ஆண்டு மார்ச் மாத மாலையில் தெற்கே பார்த்திருந்தால், தெரியாமலேயே பார்த்திருப்பார்கள்.

அடி ஆழத்தில் பிறந்த நிக்கல் கோபால்ட்டாக மாறி, அது வெளிவிடும் கதிர்கள் மேலே வந்து சேர நெடுநாள் ஆகும் என்று அடுக்கு குலையாத கணக்குகள் சொல்லின. ஆனால் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோளும் சோவியத்தின் மிர் நிலையத்துக் கருவியும் ஆகஸ்ட் மாதமே எக்ஸ் கதிர்களைப் பிடித்துவிட்டன. உள்ளே கலக்கம் நடந்தால் ஒழிய இது நடக்காது. அதிர்ச்சி அலை ஹீலியம்–ஹைட்ரஜன் எல்லையைக் கடக்கும்போது முதலில் ரிக்ட்மயர்–மெஷ்கோவ் உதை. பிறகு வெளி ஹைட்ரஜனைத் தள்ளிக்கொண்டு போகையில் அலை தளர, பின்னாலிருக்கும் கனமான பொருள் முன்னாலிருப்பதில் முட்ட, ரேலி–டெய்லர் ஈட்டிகள். இரும்பைச் சுமந்து வெளியே வந்தவை அந்த ஈட்டிகள்தாம்.

1989 முதல் இதைக் கணினியில் போட்டார்கள். அப்போதைய கணினிகளுக்கு இரண்டு பரிமாணம்தான் எட்டியது. காளான்கள் வந்தன, நிக்கலும் வெளியே வந்தது. ஆனால் நொடிக்கு 2000 கி.மீ. அளவிலேயே தளர்ந்துவிட்டது. வானத்தில் அளந்த வேகமோ 3000 கி.மீ.க்கு மேல். கேடு இரண்டு பரிமாணத்தில்தான். தாளில் வரையும் ஈட்டி, உண்மையில் நட்சத்திரத்தைச் சுற்றி ஓடும் ஒரு வளையம். அதற்கு எதிர்ப்பு அதிகம். மூன்று பரிமாணத்தில் அது விரல் போன்ற தனி ஈட்டி. ஹைட்ரஜன் அதன் பக்கங்களில் வழிந்து வழி விட்டுவிடும். 2010இல் ஜெர்மனியின் கார்ஷிங் ஊரில் ஹாமர், யாங்கா, முல்லர் மூவரும் முப்பரிமாணத்தில் போட்டபோது நிக்கல் 4000 கி.மீ.யையும் தாண்டியது. வானமும் கணினியும் ஒத்துப்போக இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. திரையில் அழகான இரு பரிமாணக் காளானைக் காட்டி 'இதோ கலக்கம்' என்று யாராவது சொன்னால், நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

இதெல்லாம் வானத்துக்கும் அமெரிக்காவுக்கும்தானா என்று கேட்பீர்கள். 2016 ஆகஸ்ட் 28ஆம் நாள் இஸ்ரோ ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்கிராம்ஜெட் எஞ்சினைச் சோதித்தது. ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பாயும் காற்றுக்குள் ஹைட்ரஜனைப் பீய்ச்சி, அது ஓடிப்போகும் முன்னே கலக்கி எரிக்க வேண்டும். கிடைக்கும் நேரம் ஆயிரத்தில் சில பங்கு நொடி. எஞ்சின் எரிந்தது ஐந்து நொடி. அங்கே கலக்கம் வேண்டும்; அதிர்ச்சி அலையே கரண்டி. லேசர் மணியில் யாருக்கும் வேண்டாத அதே கலக்கம்!

நம் மாநிலத்துக் கதை துயரமானது. 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்கலர்ஸ் பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். வெடிப்பில் முதலில் ஓடுவது அதிர்ச்சி அலை. பின்னால் வருவது தீக்கோளம். தீக்கோளத்தின் எல்லையில் இதே நிலையின்மைகள் வேலை செய்து, எரியாமல் மீந்த பொருளைக் காற்றோடு கலந்து மறுபடியும் எரிய விடுகின்றன. வெடிபொருள் கிடங்கையும் குடியிருப்பையும் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பொறியாளர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. இந்தத் துறைக்குள் நுழைய இன்று லாஸ் அலமாஸ் போக வேண்டியதில்லை. ஏதீனா++ போன்ற மென்பொருள்கள் இலவசம். சாதாரண மடிக்கணினியில் 400க்கு 400 கட்டம் போட்டு ஓர் அதிர்ச்சி அலையை ஓட விடலாம். ஆனால் படத்தைப் பார்த்து மயங்காமல், நாம் பெருக்கிய அந்த 8.4 வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் கட்டத்தை மாற்றிப் பாருங்கள். அந்தச் சரிபார்ப்புக்கு வேண்டியது வகையீடும் தொகையீடும். இரண்டும் படிவம் ஐந்தின் கூடுதல் கணிதத்தில் இருக்கின்றன.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒரே வேண்டுகோள். படிவம் மூன்று முடிந்ததும் பாடத் தேர்வுப் பாரம் வீட்டுக்கு வரும். 'கூடுதல் கணிதம் கஷ்டம், வேண்டாம், அது இல்லாமலும் எஸ்.பி.எம்.மில் நல்ல தேர்ச்சி காட்டலாம்' என்று பிள்ளை சொல்லும். பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு பாடத்தை விட்டால் பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல் என்று பல வாசல்கள் பதினாறு வயதிலேயே சாத்திக்கொள்ளும். பிள்ளை தடுமாறினால் வாரத்தில் ஒரு மாலை இதே மண்டபத்தைத் திறந்து வையுங்கள். சொல்லிக் கொடுக்க நான் வருகிறேன், என்னைப் போல இன்னும் சிலரும் வருவார்கள்.